ஹனோவருக்குப் போன குதிரைவீரன்

பவுண் என்பது இன்று நம்மவரிடையே ஒரு நிறையின் பெயர். எட்டுக் கிராம் பொன் ஒரு பவுண். ஆனால் அச்சொல் முன்னர் கையிலெடுத்து எண்ணத்தக்க ஒரு காசையே குறித்தது. 'சவரின்' எனப்பட்ட பிரித்தானியப் பொற்காசு அது. முதியோர் பேச்சில் இவ்விரு பொருளும் இன்னும் பிரிந்துவிடவில்லை. தமக்கையின் தாலிக்கொடிக்கு ஒரு பவுண் குறைகின்றது என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, அம்மம்மா அவனுடைய தகரப்பேணியை நினைவூட்டியது அதனாலேதான்.

அப்பேணி அவனது பள்ளிப்பருவத்துச் செல்வம். நாற்கோண ஐந்து சதங்கள், இதழ் விளிம்புடைய பத்துச் சதங்கள், மலாயாவின் சதுரக் காசுகள். அவற்றிடையே மஞ்சள் நிறக் காசொன்று. மலாயாவில் எழுதுவினைஞராக இருந்த தம் தகப்பனார் கொண்டுவந்த பவுண் எனச் சொல்லி, அம்மம்மாவே அதனை அவனிடம் கொடுத்திருந்தார். கள்வன் பெட்டகத்தைத்தான் உடைப்பான், சிறுவனின் பேணியைத் தொடமாட்டான் என்பது அவர் கணிப்பு.

தட்டார் உரைகல்லை எடுக்கவேயில்லை. தராசிலிட்டுப் பார்த்து, "தம்பி, இது பித்தளை" என்றார். ஒரே பருமனுள்ள பித்தளை, 22 கரட் பொன்னின் பாதி நிறையும் இராது. குறைந்த பவுணுக்கு அம்மா தம் காப்பொன்றைக் கழற்றிக் கொடுத்தார்.

பொன்னன்று எனின் வேறென்ன? அவன் பல்கலைக்கழக நூலகத்திற் புகுந்தான். ஒருபுறம் விக்டோரியாவின் தலை. மறுபுறம் குதிரைவீரன், கீழே வலுசர்ப்பம், 1837 என்ற ஆண்டு. அவ்வாண்டே அதனைக் காட்டிக்கொடுத்தது. விக்டோரியாவின் சவரின்கள் 1838 முதலே வெளியாயின; அவற்றின் பின்புறத்தில் இருந்தது கேடயம். புனித ஜோர்ஜின் குதிரை மீண்டும் அங்கு ஏறியது 1871இல். அன்றியும், சவரினிலுள்ள ஜோர்ஜ் ஆடையற்ற மேனியன். இவனோ உடையணிந்து முடிதரித்தவன். சுற்றி 'ஹனோவருக்கு' எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்கள்.

1837 யூன் 20ஆம் நாள் நான்காம் வில்லியம் இறந்தான். பிரித்தானிய முடி விக்டோரியாவைச் சேர்ந்தது. பெண்ணை அரியணையேற்றாத ஹனோவரோ, அவளுடைய சிற்றப்பனான கம்பர்லாந்துக் கோமகன் ஏர்ணஸ்ற் ஒகஸ்ரஸுக்குப் போயிற்று. ஆங்கிலேயர் அவனைப் பெரிதும் வெறுத்தனர். 'போய்த் தொலைந்தான்' என்னும் மகிழ்ச்சியைப் பித்தளையில் அடித்தனர். அவ்வில்லைகளை 'விஸ்ற்' என்னும் சீட்டாட்டத்திற் பணயக் கணக்குக்குப் பயன்படுத்தினர். நம்மூர்த் திண்ணைகளில் புளியங்கொட்டை செய்த வேலைதான். ஆனால் புளியங்கொட்டையைப் பவுணென்று எவரிடமும் தள்ளிவிட முடியாது. இதைத் தள்ள முடிந்தது. காசைப் போன்ற பதக்கங்களைத் தடுக்கவே 1883இல் பிரித்தானியாவில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

மலாயாவில் அதனை அந்த எழுதுவினைஞரிடம் கொடுத்தவர் யார், எதற்கு ஈடாகக் கொடுத்தார் என்பதை எந்நூலும் சொல்லாது.

விடுமுறையில் அவன் யாவற்றையும் அம்மம்மாவிடம் கூறினான். மறைத்துவிடலாமோ என்று பேருந்தில் வரும்வழியெல்லாம் எண்ணியிருந்தான். அவர் குறுக்கிடாமற் கேட்டிருந்தார்.

"சீட்டு விளையாடின ஆக்களுக்கு இது பவுண் இல்லை எண்டு தெரியுமோ?"

"ஓம் அம்மம்மா, எல்லாருக்கும் தெரியும்."

அவர் அதனை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"அப்ப, அப்புவுக்குத்தான் தெரியேல்லை."