பெயரில்லாக் கைகள்

மாலை விழுந்தால்தான் மாண்பு, மேடை ஏறினால்தான் மேன்மை என்று எண்ணப் பழகிவிட்டது உலகம். ஊரறியச் செய்வதே உயர்ந்த பணி. ஓசையின்றிச் செய்வது ஒன்றுக்கும் உதவாப் பணி! இந்த அளவுகோலை எவர் தந்தார்? எதை அளந்து காட்டும் இது?

கலைப்பட்டம் பெற்று, கல்லூரிப் பேச்சு மன்றத்தில் கைதட்டலும் பெற்று, இன்று சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறோம் நாம். லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் பிரித்துக் காட்டுவதும், மாணவர் மறந்த புள்ளியைச் சிவப்பு மையால் இட்டுத் தருவதும் நமது அன்றாட அலுவல். "இதற்கா இவ்வளவு படித்தாய்? நாட்டுக்கு நீ ஆற்றும் தொண்டு நாலு புள்ளி வைப்பதுதானா?" என்று கேட்டான் நகரத்து நண்பன். நகைத்துக்கொண்டுதான் கேட்டான், நமக்கோ நெஞ்சில் தைத்தது. பணியை விட்டு வேறு வழி தேடலாமா என்றுகூட எண்ணினோம்.

விடை புறநானூற்றில் கிடைத்தது. பாட்டில் அல்ல, பாட்டு இல்லாத இடத்தில்! 266 ஆம் பாடலை அடுத்து நிற்பது 269. இடைப்பட்ட இரண்டும் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்திலோ முதற்பத்தும் இல்லை, இறுதிப்பத்தும் இல்லை. புலவன் பாடாமலா போனான்? பாடினான். ஏடு சிதையுமுன் படியெடுக்க ஒரு கை வாய்க்கவில்லை. அவ்வளவே!

பனையோலைக்கு நீண்ட ஆயுள் கிடையாது. செல்லரிக்கும், ஈரம் தின்னும், ஓரம் ஒடியும். சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுத்தால்தான் பாட்டு பிழைக்கும். கபிலர், பரணர், ஔவையார் பெயர்களை நாம் அறிவோம். சில புலவர்க்குப் பெயர்கூட எஞ்சவில்லை. பாட்டிலிருந்த சொற்றொடரே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார் ஒருவர். 1894 இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரை அறிவோம். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எழுத்தாணி பிடித்து, விரல் காய்த்து, விழி மங்கிய அந்த நெடிய வரிசை யார்? சிலர் ஏட்டின் இறுதியில் பெயர் பொறித்தனர். மிகப் பலர் அதுவும் செய்திலர். புதிதாக ஒரு வரி இயற்றினாரில்லை. பெற்றதைப் பிறர் கையில் சேர்த்தனர். அவர்கள் இல்லையேல் கபிலர் ஏது? பரணர் ஏது?

புள்ளியின் பெருமையையும் அந்த ஏடுகளே புகட்டும். ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. சொல் இதுவா, அதுவா என்று பதிப்பாசிரியர்கள் திகைத்து நின்றனர். பல படிகளை ஒப்பிட்டு உழைத்தனர். ஒரு புள்ளி இல்லாமையால் ஓர் அறிஞனின் ஒரு நாள் கழிந்தது! நாலு புள்ளி வைப்பது நகைப்புக்குரியதோ?

இன்னுமொரு கை உண்டு: ஓலை வெட்டித் தந்த பனையேறியின் கை. ஏற மரம் தந்த சமுதாயம் எழுத எழுத்தைத் தந்ததா? பல ஊர்களில் கோயில் வாயிலையும் அல்லவா அடைத்தது! ஓலை அவன் தந்தது. ஓலையிலிருந்த உலகமோ அவனுக்கு எட்டாதது. ஆகவேதான் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: சிறுபணியும் சிறப்புடைத்து என்று பாடி, எவரையும் சிறுமையிலேயே இருத்திவைக்கும் சூழ்ச்சிக்கு நாம் துணைபோகோம். விரும்பி ஏற்கும் அமைதி வேறு. வாயைக் கட்டி வைத்த ஊமைமை வேறு. முன்னதைப் போற்றுவோம், பின்னதைப் போக்குவோம். போக்கும் பணியும் பெரும்பாலும் ஆரவாரமற்றதே. ஓரெழுத்து, பின் ஓரெழுத்து என்றே நடைபெறுவது.

நம் வகுப்பில் பனையேறியின் மகளொருத்தி பயில்கிறாள். குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் அவள். பாட்டிக்கு வந்த உதவித்தொகைக் கடிதத்தைப் பக்கத்து வீட்டாரிடம் கொண்டுபோகாமல் தானே படித்துச் சொன்னதாக ஒருநாள் வந்து கூறினாள். கூட்டமில்லை, கொடியில்லை, செய்தித்தாளில் படமில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று பிறர் தயவுக்குக் காத்திருக்கும் வேலை ஒன்று ஒழிந்தது.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய கைகள் உண்டு. படிப்பகத்தின் கதவை நாள்தோறும் திறப்பவர், மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தருபவர், மாலையில் மாணவர்க்குத் திண்ணையில் கணக்குச் சொல்லித் தருபவர் என அவர்களைத் தேடிச் சென்று காணுங்கள். உங்கள் கைக்கு எட்டிய பணி ஒன்றை இன்றே தொடங்குங்கள்.

நாம் விலகவில்லை, வகுப்பறையிலேயே இருக்கிறோம். அந்தச் சிறுமி வளர்ந்தபின் நம் பெயரை மறந்துவிடலாம். மறக்கட்டும்! எழுத்தை மறவாதிருந்தால் போதும்.