குடம் வரிசையில் இருக்கிறது

2025 செப்டம்பர் 20, புரட்டாசி முதல் சனிக்கிழமை. மறுநாள் மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் திதி கொடுக்கத் திருவொற்றியூர் வந்திருந்தேன். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போன் அதிரத் தொடங்கி நிற்கவே இல்லை. எச்-1பி விசாவுக்கு இனி ஒரு லட்சம் டாலர் என்று வாஷிங்டனில் கையெழுத்தாகிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஞாயிறு நள்ளிரவு 12.01க்குள் அமெரிக்காவுக்குள் வந்துவிடுங்கள் என்று கம்பெனி வக்கீலிடமிருந்து மெயில். நம்ம ஊர்க் கணக்கில் ஞாயிறு காலை 9.31. கையில் இருந்தது 28 மணி நேரம். சென்னையிலிருந்து டெட்ராய்ட்டுக்கு எந்த வழியில் போனாலும் இருபத்திரண்டு மணி நேரம் ஆகும்.

“வாழக்கா வாங்கி வெச்சிட்டேன். இப்ப கிளம்புறேன்னா இன்னா அர்த்தம்?” என்றார் அம்மா.

கிளம்பவில்லை. ஞாயிறு விடிவதற்குள் விளக்கம் வந்துவிட்டது: கட்டணம் புதிய விண்ணப்பங்களுக்குத்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் வெளியே போய் வரலாம். கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், டிவியில் நாலு பேர் என் தலைவிதியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களையெல்லாம் ஊருக்குத் திரும்பி வரச் சொன்னார். இன்னொருவர், நாட்டின் பணத்தில் படித்துவிட்டு ஓடியவர்களுக்கு இது வேண்டியதுதான் என்றார். சாப்பாட்டுக்கு வந்திருந்த சித்தப்பா பையன், “அமெரிக்கா வேணாம்னா பக்கத்துல கனடா இருக்குல்ல, மாறிக்க வேண்டியதுதானே?” என்றான். தேரடி ஸ்டாப்பில் இறங்கி வேறு பஸ் ஏறுவது போலச் சொன்னான். எனக்கு டிவிக்காரர்கள் மேல் வராத கோபம் அவன் மேல் வந்தது. காரணம் வேறொன்றுமில்லை, மூன்று வருடமாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டெட்ராய்ட்டில் இருக்கும் எங்களுக்கு அந்த நினைப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். கலிபோர்னியாக்காரனுக்குக் கனடா விமானத்தில் போகிற ஊர். டெட்ராய்ட்டில் ஆற்றங்கரைக்குப் போய் நின்றால் எதிர்க்கரை கனடா. அரை மைல் தண்ணீர், அதற்கப்பால் விண்ட்சர். வடக்கே இருக்க வேண்டிய நாடு இங்கே மட்டும் தெற்கே இருக்கிறது. 1929இல் கட்டிய அம்பாசிடர் பாலம், 1930இல் தோண்டிய சுரங்கப் பாதை, இவை போதாதென்று 2018இல் தொடங்கிய புதுப் பாலம். 1904இலேயே ஃபோர்டு ஆற்றைத் தாண்டி அங்கே கம்பெனி போட்டுவிட்டது. விண்ட்சரில் குடியிருக்கும் நர்சுகள் தினமும் எல்லை தாண்டி டெட்ராய்ட் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் இக்கரையில் இருந்துகொண்டு அக்கரையில் வலை காயப்போடுகிற மாதிரிதான்.

கனடாவும் ஆசை காட்டாமல் இல்லை. 2023 ஜூலை 16 அன்று, அமெரிக்க எச்-1பி உள்ளவர்கள் மூன்று வருடம் வந்து எந்த வேலையும் பார்க்கலாம் என்று ஒரு திட்டம் திறந்தார்கள். பத்தாயிரம் இடம். மறுநாளே நிரம்பி மூடியாகிவிட்டது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை பையனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு லட்சம் டாலர் ஆணைக்குப் பிறகு கனடா பிரதமர் கார்னி மறுபடியும் எங்களை நினைத்துக்கொண்டார். 2025 நவம்பர் பட்ஜெட்டில் எச்-1பிகாரர்களுக்கு விரைவு வழி வரும் என்று அறிவிப்பும் வந்தது. அதே கனடாதான் 2024 அக்டோபரில், ஐந்து லட்சமாக இருக்க வேண்டிய வருடாந்திரக் குடியேற்றத்தை 3,95,000 ஆகக் குறைத்தது. ஒரு கையால் கூப்பிட்டு மறு கையால் கதவைச் சாத்துவது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கலை இல்லை.

நான் சொல்ல வந்தது விசா இல்லை, குடம்.

எங்கள் தெருவில் லாரித் தண்ணி வரும் நாட்களில், முந்தின சாயங்காலமே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். எங்கள் வீட்டுக் குடம் பச்சை. அதன் கழுத்தில் அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருப்போம். மற்றவர்கள் பெயின்ட்டில் எழுத்து போட்டிருப்பார்கள். குடத்தை வைத்துவிட்டு ஆள் போய்விடலாம். சோறு ஆக்கலாம், மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போகலாம், தூங்கலாம். வரிசை நகரும்போது பின்னால் நிற்கிற அக்கா தன் குடத்தோடு உங்கள் குடத்தையும் காலால் ஒரு தள்ளு தள்ளிவிடுவார். லாரி வராத ராத்திரிகளில் குடங்கள் அப்படியே கிடக்கும். காலையில் அதே வரிசை. சாவு விழுந்த வீட்டுக் குடம் கேட்காமலே முன்னால் போகும். ஓட்டைக் குடத்தை வைத்து இடம் பிடிக்கிறவர்களும் உண்டு, அவர்களுக்குத் தெருவே பேர் வைத்திருக்கும். சண்டையா? முடியைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறார்கள். ஆனால் ஆள் இல்லாத குடத்தை யாரும் வரிசையிலிருந்து தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. உலகத்தில் எங்கே போனாலும் வரிசையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வருகிறார்கள்; இந்தியர்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாதாம். எங்கள் குடங்களுக்குத் தெரியும் ஐயா.

கிரீன் கார்டு வரிசையில் என் குடம் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் சேர்ந்த தேதி. 2014 ஆகஸ்ட். கம்பெனி எனக்காகப் போட்ட ஐ-140 விண்ணப்பம் பாஸ் ஆகி பதினொரு வருடமாக அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. நான் ஊரில் இருந்த அந்த செப்டம்பரில், வேலை வழி வரிசையில் இந்தியர்களின் இரண்டாம் பிரிவுக்கு விசா புல்லட்டின் பலகையில் போட்டிருந்த தேதி 2013 ஜனவரி 1. மே மாதமும் அதே தேதிதான். லாரி தெருமுனையில் நிற்கிறது, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

அம்மாவுக்கு இதை விளக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். வருடத்துக்கு வேலை வழியாக 1,40,000 கார்டு. மனைவி பிள்ளைகளும் அதற்குள்தான். எந்த நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை. ஐஸ்லாந்துக்கும் ஏழு, இந்தியாவுக்கும் ஏழு. அதாவது நாலு வீடு உள்ள தெருவுக்கும் நானூறு வீடு உள்ள குப்பத்துக்கும் ஒரே அளவு தண்ணி. அம்மா யோசித்துவிட்டு, “அப்படி அளக்கலைன்னா நம்ம குப்பமே மொத்த லாரியையும் காலி பண்ணிடும்ல?” என்றார். இந்த நியாயத்தை மிச்சிகனில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

இதில் ஒரு கொடுமை, எந்த நாட்டுக் குடிமகன் என்பது கணக்கே இல்லை. பிறந்த இடம்தான் கணக்கு. நாளைக்கே நான் கனடாக்காரனாகி, பாஸ்போர்ட்டில் மேப்பிள் இலையோடு வந்து நின்றாலும், நான் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவன், இந்திய வரிசை. அந்த ஆஸ்பத்திரி வார்டை நான் இந்த ஜென்மத்தில் தாண்ட முடியாது.

கனடாவில் வரிசை இல்லை, பரீட்சை. மொத்தம் 1,200 மார்க். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, வயதைப் பார்க்கும் வரை. மனைவியோடு விண்ணப்பித்தால் இருபத்தொன்பது வயது வரை நூறு மார்க். பிறகு தேயத் தொடங்கி, நாற்பத்து நாலில் ஐந்து. நாற்பத்தைந்தில் பூஜ்யம். எனக்கு நாற்பத்து நாலு. பொதுவாக ஐந்நூறைத் தாண்டினால்தான் கூப்பிடுகிறார்கள். பிரெஞ்சு தெரிந்தால் நானூறு சொச்சத்துக்கே அழைப்பு வருகிறது என்று டெட்ராய்ட் புறநகரான நோவாயில் பேஸ்மென்ட் பேஸ்மென்ட்டாக நம்மவர்கள் பிரெஞ்சு படிக்கிறார்கள். நூற்றைம்பது கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரியில் பிறந்து தொலைத்திருக்கலாம். பதினாலு வருடம் அமெரிக்காவில் குப்பை கொட்டியவன் ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டும். அமெரிக்காவில் காத்திருந்தே வயதாகிறது, கனடாவில் அந்த வயதுக்காகவே மார்க்கைக் கழிக்கிறார்கள். குடத்தை விட்டுப் பழகியவனுக்கு இரண்டாவது கணக்குதான் அதிகம் வலிக்கிறது.

அமெரிக்காவைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் எதிர்வீட்டுக்காரர் ஃபோர்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஒன்பது குளிர்காலமாக, நான் எழுந்து வருவதற்குள் என் வீட்டு வாசல் பனியையும் அவர் மெஷினாலேயே தள்ளிவிட்டிருப்பார். ஒரு நாளும் சொன்னதில்லை, கேட்டால் கையை ஆட்டிவிட்டுப் போவார். பின்னால் நிற்கிற அக்கா இங்கேயும் இருக்கிறார், மீசையோடு. ஆனால் அவர் வீதியில் மட்டும்தான். அரசாங்கத்தில் அப்படி ஒரு கால் இல்லை. 2016இல் ஃப்ளிண்ட்டுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க ஆபீசிலிருந்து போனோம். செலவைக் குறைக்கிறோம் என்று 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றி, குழாய் அரித்து ஈயம் கலந்த ஊர். ஒரு மைல் நீளத்துக்குக் கார் வரிசை. பெட்ரோல் தீர்ந்து ஒரு பாட்டியம்மாவின் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன்கூட அடிக்கவில்லை, மரியாதையாகச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். ஒரு காட்சியை வைத்து ஒரு நாட்டை எடை போடக் கூடாது, தெரியும். இருந்தாலும் அன்றைக்கு எங்கள் தெருவில் யாராவது அந்தக் காரைத் தள்ளியிருப்பார்கள், திட்டிக்கொண்டே.

டெட்ராய்ட் பொங்கல் விழாவில் சொந்த ஊர் திருவொற்றியூர் என்றால், அடையாறு, மயிலாப்பூர்க்காரர்கள், “ஓ, அந்தப் பக்கமா?” என்பார்கள். ஆமாம், அந்தப் பக்கம்தான். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் ஆற்றில் படகையும் வலையையும் கறுப்பாக்கியதும், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அந்தப் பக்கம்தான். மறைக்கவில்லை. டெட்ராய்ட்டிலும் அந்தப் பக்கம் உண்டு. தென்மேற்கில் ரிஃபைனரியும் இரும்பு ஆலையும் புகைகிற மூலை. நோவாய் நண்பர்கள் அந்த வழியாகப் போக மாட்டார்கள். நான் போவேன். ஃபோர்டின் ரூஜ் ஆலையைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கினால், எண்ணூர் லேலண்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவின் சட்டை வாசனை.

பர்மாக்காரப் பாட்டி ஒருவர் எங்கள் தெருவில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்பார். அறுபதுகளில் கடையையும் வீட்டையும் ரங்கூனில் விட்டுவிட்டு மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலிறங்கியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள் அல்லவா, அதில் ஒருவர். அவர் உறவில் சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. தரைவழியாகத் திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் விடவில்லை. அங்கேயே, மோரேயில், உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, வாசலில் நின்றால் பர்மா தெரிகிறது. விண்ட்சரில் வீடு பார்க்கப் போன அன்று ஆற்றங்கரையில் நின்றேன். எதிரே டெட்ராய்ட் கட்டடங்கள் ஒளிர்ந்தன. எனக்குப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. நல்ல வீடு, மூன்று படுக்கையறை. மனைவிக்குப் பிடித்திருந்தது. ஜன்னல் வடக்குப் பார்த்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மனைவி கணக்கு வேறு. பையனுக்குப் பதினேழு. இருபத்தொன்று ஆனால் என் விண்ணப்பத்திலிருந்து அவன் கழன்று விழுந்துவிடுவான். இரண்டு வயதில் வந்தவன், தனி விசா தேடி அலைய வேண்டும். கனடா என்றால் குடும்பத்தோடு பி.ஆர்., மூன்று வருடம் இருந்தால் குடியுரிமை. அதன்பிறகு, கனடாக் குடிமக்களுக்கு 1994இலிருந்து இருக்கிற டி.என். ஏற்பாட்டில் நான் பாலத்தைத் தாண்டி இதே டெட்ராய்ட்டில் இதே வேலைக்கு வரலாம். “ஆத்துக்கு அந்தாண்ட தூங்குறதுல உங்களுக்கு என்ன கௌரவம் குறையுது?” என்று கேட்டாள். பதில் இல்லை. ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

வக்கீலிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: கனடா போய்விட்டால் என் 2014 ஆகஸ்ட் என்ன ஆகும்? போகாது, உங்கள் பெயரில் அப்படியே இருக்கும் என்றார். என்றைக்காவது திரும்பி வந்தால் அதே தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது புதிதாக ஒரு கம்பெனி உங்களுக்காக மறுபடியும் விண்ணப்பம் போட வேண்டும்.

சந்தோஷத்தில் அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன். குடம் வரிசையிலேயே இருக்கும்மா, நாம போயிட்டு வரலாம் என்றேன்.

“இருக்கட்டும் கண்ணு” என்றார் அம்மா. “தள்ளி விடுறதுக்கு அங்க யாரு இருக்கா?”