மண் கலத்தில் ஓர் அரசவை

தெள்ளாறு என்றதும் போர்தான். பாண்டியன் சீமாறன் சீவல்லபனை இங்கே முறியடித்த பல்லவன் மூன்றாம் நந்திவர்மன், ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்று ஊரையே பட்டமாகச் சூடிக்கொண்டான். நந்திக் கலம்பகம் முழுக்க அவன் புகழ்தான். ஆனால் அவன் எந்தக் கலத்தில் குடித்தான், அவையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்? பாட்டு வாய் திறக்காத இடம் அது.

*

அவன் ஆண்டது கி.பி. 846–869 என்பார்கள். அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் குவாத்தமாலாக் காட்டில் மாயர் என்ற இனத்து மன்னர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. செய்பாலில் 849இல் ஐந்து கல்தூண்கள் நட்டார்கள். திக்காலில் தேதி பொறித்த கடைசித் தூண் 869. ஆனால் அந்த அவைகளில் யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதை இன்றைக்கும் பார்க்கலாம். குடிக்கும் கலத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

*

குயவர் சக்கரம் அவர்களிடம் இல்லை. மண்ணைத் திரித்து, சுற்றுச் சுற்றாக அடுக்கி எழுப்பிய உருளைக் கலங்கள். வண்ணமும் மண்தான், நிற மண்ணைக் கரைத்து எழுதிவிட்டுச் சுடுவார்கள். மேடையில் சாய்ந்திருக்கும் மன்னன், கண்ணாடி பிடிக்கும் குள்ளர், கீழே கப்பம் கொண்டுவந்தவர்கள். கலத்தைச் சுற்றிச் சுற்றித்தான் முழுக் காட்சியையும் பார்க்க முடியும். புகைப்படக்காரர் ஜஸ்டின் கெர் கலத்தைச் சுழலவிட்டுப் படமெடுத்து, அதை ஒரே நீளப் படமாக விரித்துக் காட்டினார்.

*

விளிம்பில் ஓர் எழுத்து வரிசை. கலத்துக்குக் கலம் ஒரே முறையில் வருவதை ஆய்வாளர் மைக்கேல் கோ 1973இல் எடுத்துக்காட்டினார். சாரம் இவ்வளவுதான்: இது இன்னாரின் கலம், கொக்கோவுக்கு. 1984இல் குவாத்தமாலாவின் ரியோ அசூலில் ஒரு கல்லறையில் திருகுமூடி போட்ட ஜாடி கிடைத்தது. மேலே கொக்கோ என்று எழுத்து. உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தார்கள். கொக்கோவேதான்.

*

பிரின்ஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள மாயக் கலத்தில் ஒரு பெண் நின்றபடி உயரத்திலிருந்து கீழே உள்ள கலத்துக்குப் பானத்தை ஊற்றுகிறாள். நுரைக்காக. நம் டீக்கடை ஆற்றல்தான்.

*

ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் பார்த்தால் துணியில்தான் கண் நிற்கும். பட்டு கிடையாது, பருத்தி. மடித்து அடுக்கிய துணிக்கட்டுகள் கப்பமாக வருகின்றன. உடல் தெரியும் மெல்லிய ஆடைக்குக்கூட ஓரத்து வேலைப்பாடு விடாமல் வரைந்திருக்கிறார்கள். அந்தக் காட்டு ஈரத்தில் நெய்த துணி அநேகமாக எல்லாமே மக்கிவிட்டது. நெசவு மிஞ்சியது மண்ணில்.

*

கலத்தில் எழுதியவர்கள் எல்லாரும் கூலிக்கு எழுதியவர்கள் அல்ல. நரான்ஹோ என்ற மாய நகரின் அஹ் மஷாம் மன்னன் மகன். கலத்தில் தன் கையெழுத்தும் போட்டிருக்கிறான். நரான்ஹோ மன்னன் பெயர் எழுதிய கலம் ஒன்று, இன்றைய பெலிஸில் உள்ள புயனாவிஸ்தாவில், ஓர் இளைஞனின் கல்லறையில் கிடைத்தது. பெரிய மன்னன் சின்ன ஊருக்குத் தந்த பரிசாக இருக்க வேண்டும்.

*

நம் மன்னர் கதை வேறு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்டுவதை நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குச் சொல்கிறார் (புறம் 56). பொன்னை உருக்கலாம், மறுபடி அடிக்கலாம், கொள்ளையிடலாம். மாயரிடம் அந்தக் காலத்தில் உலோகக் கலம் இல்லை; மன்னனும் மண் கலத்தில்தான் குடித்தான். உடைந்த மண்ணை யாரும் உருக்கப் போவதில்லை. அவர்களுடைய அவை தப்பியது அந்த ஏழ்மையால்.

*

நம் மண்ணில் தப்பியவர்கள் வேறு ஆட்கள். கீழடி, கொடுமணல் ஓடுகளில் கீறியிருப்பவை பெரும்பாலும் ஆதன் போன்ற வெறும் பெயர்கள். பலவும் சுட்ட பிறகு கூர்முனையால் கீறியவை. அங்கே மன்னன் பெயர் கலத்தில். இங்கே பானைக்கு உரியவன் பெயர்.

*

மாயக் கலங்களில் பல, திருடர் தோண்டி விற்றவையாய், எங்கே கிடைத்தது என்ற விவரமில்லாமல் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. ஆனாலும் விளிம்பில் மன்னனின் ஊர்ச் சின்னம் இருந்தால் ஊர் பிடிபடுகிறது. நம் ஓட்டில் ‘ஆதன்’ என்றுதான் இருக்கும், ஊர் இருக்காது. ஆகவே தெள்ளாற்றுப் பக்கம் ஏரி தூர்வாரும்போது எழுத்தோடு ஓடு கிடைத்தால், கழுவித் துடைப்பதற்கு முன் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும். இடம் போனால் ஆதனுக்கு ஊர் இல்லை.