மடித்த சீட்டு

கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் தேர்தல் கருத்துக்கணிப்பு சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் தொடங்கும். பகலில் டீக்கடையில் பேச ஆள் கிடைக்கும். ஆனால் டீக்கடைப் பேச்சு ஊர்ப் பேச்சு ஆகாது. கொலுசுப் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் சேலம் போனவர்கள் பஸ் இறங்கி வீடு சேர்ந்த பிறகு, வாக்காளர் பட்டியலிலிருந்து குறித்துக்கொண்ட பெயரைத் தேடிக் கதவைத் தட்டவேண்டும். ஆள் இல்லையென்றால் மறுநாள், அப்போதும் இல்லையென்றால் மூன்றாம் நாள். பக்கத்து வீட்டில் சும்மா இருப்பவரை வைத்துத் தாளை நிரப்பினால், அந்தத் தாள் எதற்கும் உதவாது.

யாருக்கு ஓட்டு என்று எடுத்த எடுப்பில் கேட்கமாட்டேன். முதலில் தண்ணீர், ரேஷன், பிள்ளைகளின் வேலை. பிறகு, போன தடவை யாருக்குப் போட்டீர்கள் என்பது. ஜெயித்த கட்சிக்குப் போட்டதாகச் சொல்பவர்கள், நிஜமாகப் போட்டவர்களைவிடக் கூடுதலாகவே வருவார்கள். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதை வைத்துத்தான் மற்றப் பதில்களை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவேன்.

2021 மார்ச்சில் ஒரு வீடு. பட்டியலில் இருந்தது அந்த அம்மாவின் பெயர். வாசலிலேயே கணவர், "அவளும் நம்ம கட்சிதானுங்க, எழுதிக்குங்க" என்றார். நான் மாதிரி வாக்குச்சீட்டையும் சின்னப் பெட்டியையும் அந்த அம்மாவிடம் நீட்டினேன். தேர்தல் ஆய்வு அமைப்பான லோக்நிதியின் ஆய்வுகளில் பல காலமாக இருக்கும் முறை இது. சுவர்ப் பக்கம் திரும்பிக் குறியிட்டார், நாலாக மடித்தார், போட்டார். "இங்கயே பிரிச்சுப் பார்க்க மாட்டீங்கல்ல கண்ணு?" என்று கேட்டார். "மாட்டேங்கக்கா." தமிழ்நாட்டில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். அவர்கள் தனியாகக் குறியிட ஒரு நிமிடம் கிடைக்காத ஆய்வை நான் நம்புவதில்லை.

அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அதிமுக அணிக்குப் போயின. சேலம் வடக்கு மட்டும் திமுகவுக்கு. அப்போதைய முதல்வரின் சொந்த மாவட்டம், பாமகவின் கூட்டு, வன்னியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் எல்லாம் இங்கே சேர்ந்து வேலை செய்தன என்பது என் கணிப்பு. மாநிலமோ 159 இடங்களைத் திமுக அணிக்குக் கொடுத்தது, அதிமுக அணிக்கு 75. என் ஊரை எவ்வளவு துல்லியமாகக் கேட்டிருந்தாலும், அதை மட்டும் வைத்து மாநிலத்தைச் சொல்லியிருந்தால் தலைகீழாகப் போயிருக்கும்.

2016 இன்னும் கடினம். இரு அணிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு விழுக்காடு வாக்குதான். அன்று முடிவு வந்த 232 தொகுதிகளில் அது அதிமுகவுக்கு 134, திமுக அணிக்கு 98 என்று பிரிந்தது. ஆயிரம் பேரைக் கேட்கும் ஆய்வில் மூன்று விழுக்காடு முன்பின் இருப்பது இயல்பு. வாக்கு விகிதத்தைச் சரியாகப் பிடித்தவர்கூட இடங்களைத் தவறவிடலாம். அதே ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் விஸ்கான்சின் மாநிலம் கருத்துக்கணிப்புகளுக்கு எதிராகச் சாய்ந்தது. கல்லூரி போகாதவர்களின் குரலுக்குப் பல கணிப்புகளில் உரிய எடை தரப்படவில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆறரை மணி பஸ்தான் நினைவுக்கு வந்தது.

'சொல்லவில்லை' என்ற கட்டத்தில் விழுகிறவர்களை மற்றவர்களின் விகிதப்படி பங்கிட்டுவிடும் வழக்கம் உண்டு. எனக்கு மனம் ஒப்பாது. அவர்கள் கதவருகே சொன்னதையும், அப்போது யார் கூட நின்றார்கள் என்பதையும் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். வாக்கு எண்ணி முடிந்த வாரம் அந்த ஓரங்களைத்தான் முதலில் எடுத்துப் படிப்பேன்.