கம்பத்துக்காரர் ஒயின் குடித்த கதை

போன மாசம் கம்பத்திலிருந்து அப்பா வந்திருந்தார். மண்டி மொஹல்லா வீட்டில் ரெண்டே நாளில் போரடித்துவிட்டது அவருக்கு. 80 கிலோமீட்டர் போல தள்ளி, சென்னப்பட்டணம் பக்கம் இருக்கும் ஹெரிட்டேஜ் ஒயினரிக்குக் கூட்டிப்போனேன்.

ருசி பார்க்கிற அறையில் வரிசையாகக் கிளாஸ்கள். சுழற்றணும், மோந்து பார்க்கணும், அப்புறம்தான் குடிக்கணும் என்றான் பையன். அப்பா (டாஸ்மாக் பக்கமே போகாத மனுஷன்!) மோந்து பார்த்தார். "நம்ம பழ வாசம் இல்லையேப்பா" என்றார். ஒரே மடக்கு. "திராட்சை கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க தம்பி?" பையன் முழித்தான்.

எங்கள் தோட்டம் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஒயினுக்கும் ஏற்ற பழம்தான். ஆனால் அறுத்த பழத்தை வைத்துக் காக்க முடியாதே, வியாபாரி சொன்னதுதான் விலை. மழை பெய்து பழம் வெடித்தால் அதுவும் இல்லை. இங்கே கர்நாடகத்தில் 2007-லேயே ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட்டுவிட்டார்கள். அப்பாவோ ஒரு வருஷமாக, பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கிளம்பும்போது ஒரு காலி பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் நாலு பேருக்குக் காட்டணுமாம்.