கிளாம்ப் பிடித்துப் பழகிய கை

நுரையீரலின் வேலையை உடம்புக்கு வெளியே செய்யும் எக்மோ இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் தொடுவது குழந்தையை அல்ல. உப்புநீர் ஓடும் வெறும் குழாய்களை. பம்ப், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர், சூடு காக்கும் தண்ணீர்த் தொட்டி, ரத்தத்தை வடிக்க ஒரு குழாய், திருப்பித் தர ஒன்று, இரண்டுக்கும் குறுக்கே ஒரு பாலக்குழாய். குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பை. பயிற்சி தரும் மூத்த செவிலியர் நம்மிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சிரிஞ்சால் ஒரு காற்றுக்குமிழியை உள்ளே தள்ளிவிடுவார். அது பைக்குப் போய்ச் சேருமுன் கண்டுபிடித்துக் கிளாம்ப் போட வேண்டும்.

போடுவதில் வரிசை உண்டு. வடிக்கும் குழாயை மூடு, பாலத்தைத் திற, அப்புறம் திருப்பித் தரும் குழாயை மூடு. மறுபடி இணைக்கும்போது இதே வரிசை தலைகீழ். வடிக்கும் குழாய் திறந்திருக்க மற்றதை முதலில் மூடினால் குழந்தையின் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்விடும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவு. யோசித்துச் செய்கிற வேலை இல்லை இது. கைக்கே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அலுக்க அலுக்கச் செய்யச் சொன்னார்கள்.

நான் தமிழ்நாட்டில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவள். “பிறந்ததும் அழலை, அழுக்குத் தண்ணி குடிச்சிடுச்சு” என்று ஊரில் சொல்வார்களே, அதே குழந்தைகள்தான் இங்கேயும். தாயின் வயிற்றுக்குள் மூச்சுமுட்டியபோது மலம் கழித்து, அதையே நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்டவர்கள். வென்டிலேட்டரை எவ்வளவு ஏற்றினாலும், நைட்ரிக் ஆக்சைடு கொடுத்தாலும் சிலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. இப்படிப்பட்ட ஒரு குழந்தையை 1975-ல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் எக்மோ போட்டுப் பிழைக்கவைத்தார். 1993 முதல் 1995 வரை பிரிட்டனில் 185 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54 பேர் இறந்தார்கள். எக்மோவுக்கு அனுப்பப்பட்ட 93 பேரில் 30 பேர். அதற்குப் பிறகு இங்கே யாரும் எக்மோ வேண்டுமா என்று வாதாடவில்லை.

நுரையீரலைப் பொறுத்தவரை சரி. அதே மூச்சுமுட்டலில் மூளையும் அடிபட்டிருக்குமே? வேலை கடினமாவது அங்கேதான். கழுத்தின் வலப்பக்கம் சிரையில் ஒரு குழாய், தமனியில் ஒன்று. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அது. அதைக் கட்டிவிட்டு மறுபக்கத் தமனியை நம்புகிறோம். பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தம் உறையும் என்பதால், அதைத் தடுக்க ஹெபாரின் மருந்து ஓடும். ஹெபாரின் குறைந்தால் இயந்திரம் அடைக்கும், கூடினால் அடிபட்ட மூளைக்குள் கசியும். ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று மணிக்கொரு தரம் சோதிப்போம். 180-க்கும் 220-க்கும் நடுவே வைத்திருக்க முயல்வோம். உச்சிக்குழி வழியாகத் தினமும் ஸ்கேன். பெரிய கசிவு தெரிந்தால் இயந்திரத்தையே நிறுத்த வேண்டி வரலாம்.

இதற்கிடையில் டார்ச். ஒவ்வொரு மணியும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். கறுப்புப் புள்ளி என்றால் உறைகட்டி, வெள்ளை இழை என்றால் ஃபைப்ரின், உறையும் ரத்தத்தின் புரத இழை. ஆக்சிஜனேட்டருக்கு முன்னால் இருந்தால் குறித்துவைத்து, வளர்கிறதா என்று பார்க்கலாம். அதைத் தாண்டி இருந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும், அடுத்து அது போகும் இடம் குழந்தை. குழாயின் நிறமும் பாடம்தான். வடிக்கும் குழாய் கருஞ்சிவப்பு, திருப்பித் தருவது பளிச்சென்ற சிவப்பு. இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிந்தால், ஆக்சிஜனேட்டருக்குப் போகும் வாயுக்குழாய் கழன்றிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

அடிபட்ட மூளைக்கு என்று செய்வது குளிர்விப்பதுதான். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைக்கிறோம். எக்மோவில் இருந்தால் இதற்குத் தனிப் படுக்கை வேண்டாம், தொட்டித் தண்ணீரின் சூட்டை மாற்றினால் போதும். திரும்பச் சூடேற்றும்போது மணிக்கு அரை டிகிரிதான்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு யாழ்ப்பாணத்து அம்மம்மா. பேத்தியின் பாதத்தைத் தொட்டதும் பதறிவிட்டார்.

“சில்லெண்டு கிடக்கு மகள். நான் பின்னின சொக்ஸ் இருக்கு, போட்டுவிடட்டே?”

“வேண்டாம் அம்மா, நாங்கதான் குளிர வெச்சிருக்கோம். மூளை வீங்கக்கூடாதுன்னு.”

நம்பாத பார்வை. பிரசவ வீட்டில் காற்றுக்கூட நுழையவிடாமல் குழந்தையைச் சுற்றிவைக்கிற நம்மவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை. அவர் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு என்பேன். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021-ல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர் இறந்தார்கள், மற்றவர்களில் 31. பணக்கார நாடுகளில் பலித்த வைத்தியம் நம் பக்கம் பலிக்கவில்லை. நம் ஊர்களில் மூளைக்காயம் பிரசவ வலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறதோ என்று மருத்துவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சொக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டே அம்மம்மா கேட்டார்: “அப்ப இந்த மெசின் மூளையையும் சுகமாக்குமோ?”

“ஆக்காது அம்மா. நுரையீரல் தேறும்வரைக்கும் அதோட வேலையை இது செய்யும். மூளைக்கு ஆக்சிஜன் குறையாம பாத்துக்கும். ஏற்கெனவே பட்ட அடியை இதால மாத்த முடியாது.”

பெற்றோரிடம் பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்ததும் இதுதான். அம்மம்மா தலையாட்டிவிட்டு, பேத்தி எப்போது கண்திறப்பாள் என்றார். மயக்க மருந்து ஓடுகிறது என்றேன். வலிப்பு வந்தாலும் உடம்பில் தெரியாது, தலையில் ஒட்டிய மின்முனைகள் வரையும் கோட்டில்தான் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயில் வெள்ளையாக இருந்த அவள் நுரையீரல் மெல்லக் கறுத்தது. பம்பின் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்துவிட்டு, அறுவை மருத்துவர் குழாய்களை எடுத்தார். இயந்திரத்தோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக முடியாது என்பதால் அதுவரை காத்திருந்த மூளைப் படம் அதற்கப்புறம்தான் எடுக்கப்பட்டது. மூளையின் ஆழப்பகுதியில் காயம் லேசாகத் தெரிந்தது. நடை, பேச்சு எல்லாவற்றையும் இரண்டு வயதில் சோதிக்க வேண்டும் என்று கோப்பில் எழுதி அனுப்பினார்கள்.