இருபதாயிரம் ரூபாய்க்கு காருல நல்ல பாட்டு

காருக்கு நல்ல ஆடியோ போடணும்னா லட்சம் ஆகும்னு பட்டணத்து நண்பர்கள் சொல்வாங்க. அஞ்சாயிரத்துக்கே அதிரவைக்கலாம்னு எங்க ஊர்ப் பசங்க சொல்வாங்க. எங்கிட்ட இருந்தது ஒரு தேங்கா வெட்டுல மிஞ்சின இருபதாயிரம். அதுக்குள்ள எதை வாங்கறது, எதை விடறதுன்னு ரெண்டு மாசம் அலசி ஆராய்ஞ்சதைத்தான் இங்க எழுதறேன். கார் பழைய சின்ன கார். பெரும்பாலும் பக்கத்து சீட்டுல உக்காந்து கேக்கறது எங்க நைனா. எங்க பக்கத்துல அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம்.

நைனாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலூர்ல டயாலிசிஸ். ஆம்பூர் பக்கத்துல இருக்கற எங்க ஊர்ல இருந்து ஒரு வழிக்கு சுமாரா அம்பது கிலோமீட்டர். மாதனூர், பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயிலேயே போகணும். போறப்போ ஒரு மணி நேரம், வர்றப்போ ஒரு மணி நேரம். வர்றப்போ துவண்டுபோய் வருவாரு. அந்த நேரத்துல அவருக்கு வேண்டியது பி. சுசீலாவும் டி.எம். சௌந்தரராஜனும்தான்.

ஆனா அவருக்கு காது சரியா கேக்காது. டேனரியில ஷேவிங் மிஷின்ல இருபத்தெட்டு வருஷம் நின்னவரு. தோலை ஒரே கனத்துக்குச் சீவற மிஷின் அது. பிளேடு உருளை வேகமா சுத்தறப்போ பக்கத்துல நின்னு பேசவே முடியாது. 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாக்கணும்னு அமெரிக்காவுல தொழிலாளர் நலம் பாக்கறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அதாவது 88க்கு நாலு மணி, 91க்கு ரெண்டு மணி. இங்க ஃபேக்டரி சட்டத்துல எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைக்கும் விட்டாங்க. நைனா காலத்துல காதுல பஞ்சு வைக்கறதுதான் பாதுகாப்பு.

காது டெஸ்ட் எடுத்தப்போ டாக்டர் ஒரு கிராஃப் காட்டினாரு. கோடு இடது பக்கம் நல்லா போய், 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளத்துல விழுந்து கிடந்துச்சு. மிஷின் சத்தத்துல கெட்ட காதுக்கு அதுதான் அடையாளமாம். ஆடியோ வாங்கறதுக்கு எனக்கு அந்த கிராஃப்தான் வழிகாட்டி. எப்படின்னு சொல்றேன்.

நாம பேசறதுல அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்துச் சத்தமெல்லாம் கீழ் அலைவரிசையில இருக்கும். குரலுக்கு கனம் தர்றது அதுதான். ச, த, ட, க மாதிரி மெய்யெழுத்தை அடையாளம் காட்டற சத்தம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல. நைனாவுக்கு போனது அந்தப் பகுதி. அதனால யாரோ பாடறாங்கன்னு அவருக்கு கேக்கும், என்ன பாடறாங்கன்னு புரியாது. பட்டு, தட்டு, கட்டு மூணும் அவருக்கு ஒண்ணுதான். சத்தத்தை ஏத்தினா ஏற்கெனவே கேக்கற கனம்தான் இன்னும் ஏறும். "கத்துது, ஆனா இன்னா சொல்றான்னு தெர்லடா"ன்னு அவரு சொல்றது இதைத்தான். காது மிஷின் இருக்கு. கார் ஓடறப்போ காத்து இரைச்சலையும் சேத்து ஏத்துதுன்னு கழட்டி பாக்கெட்டுல போட்டுக்குவாரு.

அதனால முதல் முடிவு, சப்வூஃபர் வேணாம். மச்சான் பையனுக்கு இதுல ரொம்ப வருத்தம். "மாமா, சப் இல்லாம என்ன சிஸ்டம்?"னான். இளவட்டம் கேக்கற பாட்டுக்கு அது நியாயம்தான். ஆனா டயரும் ரோடும் போடற இரைச்சலே கீழ் அலைவரிசைதான். கீழ் சத்தம் பெருசா இருந்தா அது மேல் சத்தத்தை மூடிடும், காதோட அமைப்பே அப்படி. அதோட மேல பாஸையும் கொட்டினா மெய்யெழுத்து சுத்தமா முழுகிடும். சப்புக்கு ஆகற காசு மொத்தமும் மிச்சம்.

ரெண்டாவது முடிவு கதவு. ஸ்பீக்கரை விட முக்கியம் அது உக்கார்ற கதவுன்னு சொன்னா நிறைய பேர் சிரிப்பாங்க. கதவுத் தகரம் தட்டினா டின்னு மாதிரி அடிக்கும். ஸ்பீக்கர் அதுல ஆடினா தகரமும் சேந்து பாடும். அலுமினியத் தாள் ஒட்டின பியூட்டைல் ஷீட்டை தகரத்துக்கு உள்பக்கம் ஒட்டணும். முழுக்க மூடத் தேவையில்ல, அதிகமா அதிர்ற நடுப்பகுதியில மூணுல ஒரு பங்கு ஒட்டினாலே பெரிய வித்தியாசம். விலை கம்மியா தார் ஷீட்டும் கிடைக்குது. வேலூர் கத்திரி வெயில்ல நிறுத்தின கார்ல அது இளகி வாசம் அடிக்கும், அதனால பியூட்டைல்தான். முன் கதவு ரெண்டுக்கும் 2,500 ஆச்சு. வண்டிக்குள்ள வர்ற ரோட்டு இரைச்சலும் குறைஞ்சது, அதனால இது நைனாவுக்கு ரெட்டை லாபம்.

தோல் துண்டு ஒட்டலாமேன்னு ஊர்ல ரெண்டு பேர் யோசனை சொன்னாங்க. எங்க ஊர்ல எதுக்கும் தோல்தான் மருந்து. ஆனா மழையில கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி இறங்கும். தோல் ஈரத்தைக் குடிச்சு பூசணம் பிடிக்கும். அதுக்குப் பதிலா ஷூ அடியில வைக்கற ஈவிஏ ஃபோம் இருக்கே, அது தண்ணி உறிஞ்சாது. ஆம்பூர்ல ஷூ கம்பெனி கழிவை எடை போட்டு விக்கற கடையில 150 ரூபாய்க்கு ஒரு பை வாங்கினேன். வளையமா வெட்டி ஸ்பீக்கரைச் சுத்தி ஒட்டினா சத்தம் கதவுப் பலகைக்குப் பின்னாடி ஒழுகாம நேரா உள்ள வருது. ஷூ கடைக்காரங்க போடற சொல்யூஷனே நல்லா பிடிக்குது.

மூணாவது ஸ்பீக்கர். ரெண்டு வகை உண்டு. கோஆக்சியல்ல பெரிய கோனுக்கு நடுவுலயே ட்வீட்டர் இருக்கும். விலை கம்மி, மாட்டறதும் சுலபம். காம்பொனென்ட்ல ட்வீட்டர் தனி. அதை காது உயரத்துல வைக்கலாம். மேல் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர் கோட்டுல போகும். கதவுல முழங்கால் கிட்ட இருந்து வந்தா சீட்டும் தொடையும் பாதியைத் தடுத்துடும். நம்ம கேஸுக்கு அந்த மேல் சத்தம்தானே உசுரு? அதனால காம்பொனென்ட், ஆறு இன்ச் அளவு, 6,000 ரூபாய். வாங்கறதுக்கு முன்னாடி காந்தத்தோட ஆழத்தை அளந்து பாருங்க. கண்ணாடி இறங்கறப்போ அதுல இடிக்கக்கூடாது.

அட்டைப் பெட்டியில பெரிய எழுத்துல போட்டிருக்கற வாட்ஸைப் பாக்காதீங்க. ஒரு கடையில 4,000 வாட்ஸ் ஆம்ப்னு எடுத்துக் காட்டினாங்க. பிஎம்பிஓன்னு போட்ட நம்பருக்கெல்லாம் பொருளே இல்ல. ஆர்எம்எஸ் என்னன்னு கேளுங்க. "50 வாட்ஸ், 4 சேனல்"னு போட்ட ஸ்டீரியோவும் உண்மையில சேனலுக்கு சுமாரா 20 வாட்ஸ்தான் தரும். கார் ஓடறப்போ பேட்டரி லைன்ல 14.4 வோல்ட். நாலு ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமான சத்தமா அதுல இருந்து கணக்குப்படியே 26 வாட்ஸுக்கு மேல வராது. அதுலயும் கொஞ்சம் சூடா போயிடும்.

அதனால ஸ்பீக்கர்ல பாக்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் கேக்கும்ங்கற நம்பர். 88க்கும் 91க்கும் வித்தியாசம் மூணுதானேன்னு நினைக்கத் தோணும். ஆனா அந்த மூணு டெசிபல், ஆம்ப் சக்தியை ரெண்டு மடங்கு ஆக்கறதுக்குச் சமம். 91 வாங்கினேன். தனி ஆம்பே வேணாம்னு ஆயிடுச்சு.

நாலாவது ஸ்டீரியோ, 6,500 ரூபாய். பெரிய டச் ஸ்கிரீனுக்குக் காசு கொடுக்கல. நான் தேடினது 13 பேண்ட் ஈக்வலைசரும் ஹை-பாஸ் ஃபில்டரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறதை வெட்டிட்டா இருக்கற 20 வாட்ஸும் குரலுக்கே போகும், கோனும் வீணா ஆடாது. ஒயரும் மாட்டுக்கூலியும் 2,000. ஆக மொத்தம் 17,150. மிச்சம் 2,850.

வாங்கப் போறப்போ கடைக்காரர் போடற டெமோ பாட்டுல மயங்காதீங்க. அது அதிர வைக்கறதுக்குன்னே எடுத்து வச்சது. நான் ரெண்டு விஷயம் கொண்டு போனேன். ஒண்ணு, நைனாவோட பழைய பாட்டு. அந்தக் காலத்துப் பாட்டு பெரும்பாலும் மோனோ, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். அதனால குரல் நடுவுல நிக்குதான்னு உடனே தெரிஞ்சுடும். இன்னொண்ணு, ரேடியோ செய்தி. இசை இல்லாம ஒரு ஆள் வாசிக்கறதுதான் மெய்யெழுத்துக்குச் சரியான பரீட்சை. நைனாவையும் கூடவே கூட்டிட்டுப் போனேன். எனக்கு பளிச்சுன்னு கேட்ட ஒரு செட் அவருக்கு மந்தமா இருந்துச்சு. எனக்கு கொஞ்சம் கீச்சுன்னு கேட்டதை "இத்த எட்து வை"ன்னாரு.

மாட்டினப்புறம் செஞ்ச வேலை இது. நைனாவுக்கு வலது காது கொஞ்சம் பரவாயில்ல. அவரு இடது சீட்டுல உக்கார்றதால டிரைவர் பக்கத்து ட்வீட்டரை அவரு முகத்தைப் பாத்து திருப்பினேன். ஈக்வலைசர்ல 2,000ல இருந்து 4,000 வரைக்கும் நாலு டெசிபல் ஏத்தி, 100ல இருந்து 250 வரைக்கும் மூணு இறக்கினேன். எனக்கு அது கொஞ்சம் காரமாத்தான் இருக்கு, பழகிக்கிட்டேன்.

முன்னாடி வால்யூம் 28ல வச்சும் கேக்கலைம்பாரு. ஸ்டீரியோ மாறினதால நம்பரை ஒப்பிட முடியாது. ஆனா இப்போ பாட்டு ஓடறப்பவே நானும் அவரும் குரலை உயர்த்தாம பேசிக்கறோம். போன வாரம் திரும்பி வர்றப்போ பள்ளிகொண்டா டோல் கிட்ட சுசீலா பாட்டு ஒண்ணு ஓடிட்டிருந்தது. கண்ணை மூடிக்கிட்டு வந்தவரு, "உங்கம்மா இந்த வரியை எப்பவும் தப்பாத்தான் பாடுவா"ன்னாரு. அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. வரி புரிஞ்சாத்தானே அதைச் சொல்ல முடியும்?

உங்க வீட்டுலயும் கார்ல வால்யூமை ஏத்தச் சொல்ற பெரியவங்க இருந்தா ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காது டெஸ்ட் எடுங்க. அந்த கிராஃபைப் பாத்து வாங்கினா பாதிச் செலவு மிச்சம். மிச்சமிருக்கற 2,850ல பின் கதவு ரெண்டுக்கும் ஷீட் ஒட்டலாம்னு இருக்கேன். மச்சான் பையன் இன்னும் சப்வூஃபர்லயே நிக்கறான். அடுத்த வெட்டுல தேங்கா விலை எப்படின்னு பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.